சுவருக்கு அந்தப் பக்கம்

அடுப்பை அணைத்தேனா? அணைத்திருப்பேன். சாம்பார் கொதி வந்துவிட்டது, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டேன், நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பூங்காவில் எமரன்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அடுத்த நிமிஷம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நடுவில் அடுப்புக் குமிழைத் திருகினேனா என்பது மட்டும் விரல்களுக்கு ஞாபகமில்லை. லிஃப்ட் கீழே வந்துவிட்டது. மறுபடி மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போனால் செருப்பைக் கழற்றுவேன், கழற்றினால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன், குடித்தால் உட்காருவேன், உட்கார்ந்தால் இருட்டப்போகிறதே இனிமேல் எங்கே போவது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். என்னை எனக்குத் தெரியும். வேண்டாம். மகன் பிரசன்னா வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறான், தீய்கிற வாசனை வந்தால் எழுந்து வராமலா போவான், காதில் ஹெட்போனை மாட்டியிருந்தாலும் மூக்கு திறந்துதானே இருக்கும். தினமும் வந்து எனக்குக் கையைத் தூக்கிக் காட்டுகிறவள் பத்து நாளாக வரவில்லை. மழை என்று நினைத்தேன். மழை விட்டும் வரவில்லை. இன்றைக்கு வந்திருக்கிறாள், ஆனால் கையைத் தூக்கவில்லை, என் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை, பெஞ்சின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். கோபமா? கோபமாக இருந்தால் நல்லது. கோபத்துக்குச் சமாதானம் சொல்லலாம்.

கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டும்போது இப்போதும் கால் தன்னால் இடது பக்கம் திரும்பப் பார்க்கிறது. இடது பக்கம்தான் பின்கேட். ஜெனரேட்டரைத் தாண்டினால் கேட், கேட்டைத் தாண்டினால் பூங்கா, அவ்வளவுதான் இருந்தது. வீட்டில் போட்டிருக்கிற நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போன நாளெல்லாம் உண்டு. நடக்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை, மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போகிற மாதிரி போவேன், குக்கரில் மூன்றாவது விசிலுக்கு வந்துவிடுவேன். அப்படிப் போன ஒரு சாயங்காலத்தில்தான் எமரன்சி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பூங்காவுக்குக் கிழக்கே ஒரு சந்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். காது சரியாகக் கேட்காது. வாங்கிய காது மிஷின் கூவுகிறது என்று டிராயரில் போட்டுவிட்டாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், அதனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடப்பாள், என் முகத்தை அத்தனை நேரம் யாரும் பார்த்ததில்லை, என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதும்கூட. அவள் பேசினால் பூங்கா முழுக்கக் கேட்கும். என் மருமகளைப் பற்றி நான் முணுமுணுத்ததைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவள் அதையே உரக்கத் திருப்பிச் சொல்ல, ஊஞ்சல் பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்க, நான் அவள் வாயைப் பொத்த... முதலில் வாங்க போங்கதான். மழையில் நனைந்த சருகில் நான் வழுக்கியபோது, "ஏய் தமயந்தி, பாத்துடி!" என்று கத்தி என் கையைப் பிடித்தாள், மைதானத்தில் பிள்ளைகளைப் பிடிக்கிற பிடி. அன்றிலிருந்து வா போதான். அறுபது வயதுக்கு மேல் என்னை டி போட்டுக் கூப்பிட ஒருத்தி.

சித்திரையில் பூட்டினார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பெண்ணின் செயினைப் பறித்துக்கொண்டு ஒருத்தன் பின்கேட் வழியாகத்தான் ஓடினான். பறிகொடுத்தவளின் கழுத்தில் கோடு மாதிரி சிவந்திருந்ததை நானும் பார்த்தேன். ஆகவே பூட்டலாம் என்று கூட்டத்தில் சொன்னபோது யார் என்ன சொல்லமுடியும்? "தற்காலிகமாத்தான் மேடம், வாட்ச்மேன் இன்னொருத்தர் போட்டதும் தொறந்துருவோம்" என்றார் செக்ரட்டரி. தற்காலிகம். பூட்டின பிறகு இரும்புத் தகடு வைத்து அடைத்தார்கள், அப்புறம் அதன் முன்னால் உடைந்த சோபா ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள், சோபாமேல் ஒரு பூனை குட்டி போட்டது. நான் மட்டுமா போகாமல் நின்றேன்? எங்கள் குடியிருப்பே நின்றுவிட்டது. பந்தும் சைக்கிளுமாக ஓடின பிள்ளைகள் இப்போது கார்களுக்கு நடுவில் விளையாடி ஏச்சு வாங்குகிறார்கள். ஆண்கள் மொட்டைமாடியில் சாக்பீஸால் எட்டு வரைந்து அதிலேயே சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள், செக்குமாடு தேவலை. பூங்கா எங்கேயும் போய்விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் தூங்குமூஞ்சி மரத்தின் காற்று முகத்தில் அடிக்கிறது, அணில் கத்துவது கேட்கிறது, ஆனால் அங்கே போகவேண்டுமென்றால் முன்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து, தெருக்கோடி வரை நடந்து, மெயின் ரோட்டில் மெட்ரோ வேலைக்கு அடைத்திருக்கிற நீலத் தகரத்தை ஒட்டியே போய், பாலத்துக்கடியில் திரும்பி, அந்தப் பக்கத் தெரு முழுக்க நடக்கவேண்டும். நடக்கப் போகிற இடத்துக்கு இத்தனை நடை. புடவை மாற்றவேண்டும், தலை வாரவேண்டும், பிரசன்னாவிடம் சொல்லவேண்டும், "தனியா ரோடு கிராஸ் பண்ணாதீங்கம்மா" என்று அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்ளவேண்டும். கிளம்புவதற்குள்ளேயே பாதி ஆசை போய்விடும்.

இப்போது புடவை மாற்றவில்லை. சாம்பார் தெறித்த புடவைதான். தெருக்கோடியில் இஸ்திரி வண்டிக்காரர், "என்னம்மா இந்தப் பக்கம்" என்கிறார். சிரித்துவைக்கிறேன். மூட்டு இன்னும் சூடாகவில்லை, சூடாகிற வரை வலிக்கும், அப்புறம் விடும் என்று எமரன்சிதான் சொல்லித்தருவாள், குதிகாலை முதலில் வை, குதிகாலை வை. இதோ தகரம். தகரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற அளவுதான் இடம், அதிலும் எதிரே ஒரு பைக் வருகிறது, இவனுக்கு நான் வழிவிட வேண்டுமாம், எங்கே போவேன், தகரத்தோடு ஒட்டிக்கொள்கிறேன், முதுகில் சேறு. தண்ணி லாரி ஒன்று காதருகே ஹார்ன் அடிக்கிறது. விழுந்தால்? இடுப்பு எலும்பு உடைந்தால் அவ்வளவுதான், படுக்கை, பெட்பேன், மருமகளின் முகம். இந்தப் பயம் ஒன்றும் பொய்ப் பயம் இல்லை. ஆனால் உண்மையான பயத்தையும் வசதிக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க இதே ரோட்டைக் கடந்துதானே போனேன் ஆவணியில். அப்போது இடுப்பு எலும்பு எங்கே போயிருந்தது? போன் அடிக்கிறது. பிரசன்னா. "அம்மா, எங்க போயிட்டீங்க? கதவு தொறந்து கெடக்கு." "அடுப்பு அணைஞ்சிருக்கா பாருடா." "அணைச்சுதான் இருக்கு. எங்க இருக்கீங்க? லாரி சத்தம் கேக்குது." "பார்க்குக்குப் போறேன்." "இப்பவா? இருட்டப்போகுதும்மா. நாளைக்கு நான் கார்ல கொண்டு விடுறேனே." நாளைக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ, "நான் வந்துருவேன், வையி" என்று வைத்துவிட்டேன்.

ஆரம்பத்தில் போகத்தான் செய்தேன். சுற்றிப் போனேன். போய்ச் சேரும்போதே மூச்சு வாங்கும், அவளோடு ஒரு சுற்று நடப்பதற்குள் திரும்பிப் போகிற தூரம் மனதில் உட்கார்ந்துகொள்ளும், கண் வாசலிலேயே இருக்கும். தினமும் என்பது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று, சனிக்கிழமை சனிக்கிழமை ஆயிற்று, ஆனிக்குப் பிறகு அதுவும் இல்லை. கடைசியாகப் போன அன்று, நான் கிளம்பி நின்றபோது, "உக்காருடி செத்த, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நாளைக்கு வரேன் எமரன்சி, இப்ப விட்டா அந்த ரோட்டைத் தாண்டமுடியாது" என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன். தலையாட்டினாள். நாளைக்கு மழை. மறுநாள் பேத்திக்குக் காய்ச்சல். அப்புறம் ஆடி பிறந்துவிட்டது. அவளிடம் இருப்பதோ பட்டன் போன், அடித்தால் கேட்காது, மெசேஜ் அனுப்பினால் பார்க்கமாட்டாள், "பேசாத போனைப் பாத்து என்ன செய்ய" என்பாள். ஆடிக் கடைசியிலிருந்து அவளைக் காணவில்லை. அண்ணன் வீட்டோடு வேளாங்கண்ணிக்குப் போயிருப்பாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் பார்த்தால், பூட்டிய கேட்டை ஒட்டி அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள். புங்கமரத்துக் கிளை பாதி மறைக்கிறது. எங்கள் கட்டடத்தைப் பார்த்தபடி ஒரு கையை மெல்ல, மெல்ல, தலைக்கு மேலே உயர்த்துகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியோடு கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி ஆட்டினேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மெல்ல உயரும், ஒரு கணம் நிற்கும், இறங்கும். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று இருந்துவிட்டேன். அவள் அங்கே, நான் இங்கே, நடுவில் ஒரு சுவர்தானே. அந்தக் கையசைப்பு இருந்ததால்தான் போகாமல் இருக்க முடிந்தது. சில நாள் அவள் கை உயர்வதைப் பார்த்தபிறகு, சாயங்கால வேலை ஒன்று முடிந்துவிட்டது என்பதுபோலக் காய் நறுக்கத் திரும்பியிருக்கிறேன்.

பூங்கா வாசலில் புதிதாகச் சுழல்கேட் வைத்திருக்கிறார்கள். உள்ளே மண் ஈரமாக மணக்கிறது. பன்னீர்ப்பூ கொட்டிக் கிடக்கிறது, மிதிக்காமல் போக முடியவில்லை. இங்கிருந்து பார்த்தால் எங்கள் கட்டடம் எவ்வளவு பெரியது, எத்தனை ஜன்னல், எல்லாம் ஒரே மாதிரி, என் ஜன்னலை எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. பெஞ்சில் இருக்கிறாள். கிட்டே போகப் போகத்தான் பின்னலைக் காணோம் என்று தெரிகிறது. இடுப்பு வரை தொங்கும், நரைத்தும் அடர்த்தி குறையாத பின்னல். தலையில் பருத்தித் துணி ஒன்றை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். கழுத்து குச்சியாக இருக்கிறது. முகம் அவளுடையதுதான், ஆனால் யாரோ அதைத் துவைத்துப் பிழிந்து உதறின மாதிரி. எதிரே போய் நின்று, அவள் பார்க்கும்படி குனிந்து, உதட்டைப் பெரிதாக அசைத்து, "எமரன்சி" என்றேன்.

"மெதுவாவே பேசுங்க" என்றாள். "இப்பக் காது கேக்குது. அண்ணன் பொண்ணு நல்ல மிஷின் வாங்கிக் குடுத்துருக்கா." பூங்கா முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் இல்லை. ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி தணிந்த குரல். "உக்காருங்க."

உட்காருங்க. நான் உட்கார்ந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டேனா, கேட்காமலே சொன்னாளா, ஞாபகமில்லை. "இடது பக்கம் எடுத்துட்டாங்க" என்றாள், தன் மார்பைப் பார்க்காமல், யாருடைய வீட்டிலோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. "ஆடிக் கடைசில ஆபரேஷன். இப்ப மருந்து ஏத்துறாங்க. ஏத்துனா பத்து நாளைக்கு எந்திரிக்க முடியாது. இன்னைக்குத்தான் வெளிய வந்தேன்." ஆடிக் கடைசி. நான் வேளாங்கண்ணி என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நான் உன்னை விட்டுவிடவில்லை என்று சொல்லவேண்டும். "தெனம் பாத்துட்டுத்தான் இருந்தேன்டி" என்றேன். "நீ கையைத் தூக்கிக் காட்டுவியே, நானும் ஜன்னல்லேர்ந்து ஆட்டுவேன்."

அவளுக்குப் புரியவில்லை. "எந்தக் கை?"

"அங்க. கேட்டுகிட்ட நின்னு."

கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போயிற்று. "அதுவா? அது எக்ஸர்சைஸுங்க. ஆபரேஷன் பண்ண பக்கம் கை மேல வராது. சுவத்துல எறும்பு ஊர்ற மாதிரி வெரலை வச்சு வச்சு ஏத்தணும்னு சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுச் சுவத்துல பண்ணா அண்ணி பாத்து அழறாங்க. அதான் இங்க வந்து அந்தத் தகட்டுல பண்ணேன்." கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, "உங்க ஜன்னல் எதுன்னே எனக்குத் தெரியாதே" என்றாள்.

தூங்குமூஞ்சி மரத்தில் காக்கைகள் அடங்கிக்கொண்டிருந்தன. நான் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் அதற்கு முன்னால் சோபா, பூனை. இந்தப் பக்கத்தில் அவள் விரல்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரும்பில் அவள் ஏறிக்கொண்டிருந்தபோது மேலே நான் கரண்டியை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் கை உயர்ந்து ஒரு கணம் நிற்குமே, எனக்காக நிறுத்துகிறாள் என்று நினைத்தேனே, அதற்குமேல் போகாத இடம் அது. எத்தனை சாயங்காலம். சில நாள் கை தோளுக்கு மேல் வராமலே இறங்கியிருக்கிறது, இன்றைக்கு அவளுக்கு அவசரம் போல என்று நினைத்திருக்கிறேன். முகம் தெரிகிற தூரமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கேட் திறந்திருந்தால் முதல் நாளே, இல்லை, அதற்கும் முன்னாலேயே, அவள் என் உதட்டைப் பார்க்கிற மாதிரி நானும் அவள் முகத்தைப் பார்த்திருந்தால். கேட்டின் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. கேட் யாரையும் வராதே என்று சொல்லவில்லை, கொஞ்சம் சுற்றி வா என்றுதான் சொன்னது. வாயைத் திறந்து கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "அன்னைக்கு என்னமோ கேக்கணும்னியே எமரன்சி. ஆனியில."

"அதுவா" என்றாள். "மொத மொத டெஸ்டுக்குப் போகணும். நர்சு வெளிய வந்து பேரைக் கூப்பிடுவாங்க, எனக்குக் காது கேக்காது, பேரைத் தவறவிட்டுட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். வீட்ல அப்ப யாருக்கும் சொல்லலை. கூட வந்து உக்காருறீங்களான்னு கேக்கலாம்னு பாத்தேன்." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அதான் முடிஞ்சு போச்சே. நானே போயிட்டேன். கூப்புட்டப்ப பக்கத்துல இருந்த ஒரு பொண்ணு தொட்டுச் சொன்னா."

அன்றைக்கு அவள் என்னைக் கேட்க நினைத்தது "வர்றியா" என்றுதான் இருந்திருக்கும். இப்போது சொல்லும்போது "உக்காருறீங்களா" ஆகிவிட்டது. கோபமாக இருக்கிறாளா என்று முகத்தைத் தேடினேன். கோபமில்லை. திட்டினாலாவது, "எங்கடி போய்த் தொலைஞ்ச" என்று அந்தப் பழைய குரலில் பூங்கா அதிரக் கத்தினாலாவது, நான் அழுதிருக்கலாம். அவள் என் முட்டியைப் பற்றி விசாரித்தாள். பேத்தி எந்த வகுப்பு என்று கேட்டாள். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் கேட்கிற மாதிரி. நான் பதில் சொன்னேன். அடுத்த மருந்துக்கு நான் கூட வருகிறேன் என்று சொன்னேன். "அண்ணன் பொண்ணு லீவு போட்டுட்டு வர்றா, பரவால்ல" என்றாள். பிறகு விளக்கு எரிய ஆரம்பித்தது. அவள் பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள், நான் தாங்கப் போனேன், "வேணாங்க, நானே எந்திரிச்சுப் பழகணும்" என்றாள்.

"வீடு வரைக்கும் வரேன்."

"வேணாங்க. உங்களுக்குத் தூரம். திரும்பிப் போகணும்ல."

அவள் வழக்கமாக வரும் கிழக்கு வாசல் வரை பின்னாலேயே போனேன். இத்தனை வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டி நான் போனதில்லை, அவசியம் வந்ததில்லை. தாண்டினால் ஒரு சின்ன சந்து. சந்துக்குள் ஒரு மாடிவீடு, வெள்ளைக் கேட், வாசலில் மாதா படத்துக்குக் கீழே நீல விளக்கு. பூங்காவில் நின்று கூப்பிட்டாலே வீட்டுக்குள் கேட்கும். அங்கேதான் ஆவணி முழுக்கப் படுத்திருந்திருக்கிறாள். ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்த மரங்களின் அந்தக் கடைசியில். ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு மெதுவாக நடந்துபோனாள். கேட்டைத் திறந்தாள். உள்ளே போய்விடப் போகிறாள் என்றதும் தாங்கமுடியாமல், "நாளைக்கு வரேன்" என்று கத்தினேன், அவள் கத்துவதுபோல, தெருவில் போகிற ஒருத்தர் திரும்பிப் பார்க்கும்படி.

அவளுக்குக் கேட்டது. திரும்பி நின்றாள். என்னை, என் புடவையில் இருந்த சேற்றை, சாம்பார்க் கறையை, முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள்.

"வந்தா பாக்கலாம்" என்றாள்.

வா என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. கேட்டை மூடினாள், ஆனால் கொக்கி மாட்டுகிற சத்தம் வரவில்லை, அவள் கைக்கு எட்டாமலும் இருக்கலாம். வாசலில் செருப்பை விடும் சத்தம், யாரோ "யாரு அத்தை அது?" என்று கேட்கும் சத்தம். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.